தோல் பவளம் மூடிக்கொண்டால் என்ன செய்வது?

கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

மென்பவளம், அதாவது கல் எலும்புக்கூடு இல்லாத பவளம், வளர்ப்பவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடிதங்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்குக் கடல்நீர்த் தொட்டி எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். சில விஷயங்களில் எளிதுதான். ஆனால் வெயில், மழை, மண், மின்வெட்டு என்று நம் ஊருக்கே உரிய சிக்கல்களும் உண்டு. கடிதங்களுக்குப் போவோம்.

வாசகி, தக்கலை: ஐயா, எங்கள் வீட்டு 200 லிட்டர் தொட்டியில் ஒரு தோல் பவளம் இருக்கிறது. ஆறு மாதமாக நன்றாக விரிந்து நின்றது. போன வாரத்திலிருந்து சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளவென்று கிடக்கிறது. பூக்கள் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கடைக்காரர் அயோடின் ஊற்றச் சொல்கிறார். செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் பவளம் தோல் உரிக்கிறது. பாம்பு சட்டை உரிப்பது மாதிரிதான். சார்கோபைட்டான் என்கிற இந்த வகை, ஓர் இடத்தில் அசையாமல் நின்று வெளிச்சம் வாங்கிப் பிழைக்கிறது. நாளாக ஆக அதன் தலைமேல் பாசியும் தூசியும் படியும். அதைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால், மெல்லிய ஏடு ஒன்றைச் சுரந்து மேல்பரப்பு முழுவதும் மூடிக்கொள்கிறது. பிறகு அந்த ஏடு அழுக்கோடு சேர்ந்து உரிந்து போய்விடும்.

ஒரு டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தலையின் விளிம்பில் கண்ணாடித்தாள் மாதிரியான ஏடு லேசாகத் தூக்கிக்கொண்டு நீரோட்டத்தில் ஆடுவது தெரியும். அதில் பச்சையாகவோ பழுப்பாகவோ பாசித்தூள் ஒட்டியிருக்கும். அது தெரிந்தால் கவலையே வேண்டாம். மூன்று நான்கு நாளில் முடிகிற பவளமும் உண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கிற பவளமும் உண்டு. ஏடு போனபின் பூக்கள், அதாவது பாலிப் என்கிற சின்னச் சின்ன உயிர்கள், ஒன்றிரண்டாக விளிம்பிலிருந்து வெளியே வரும். அப்போது ஒரு பூவை உற்றுப் பாருங்கள், எட்டு இதழ்கள் இருக்கும். ஒவ்வொரு இதழின் இரண்டு ஓரத்திலும் சீப்புப் பல்லாகச் சின்னச் சின்ன இழைகள் தெரியும். உண்மையான மென்பவளங்கள் எல்லாவற்றுக்கும் இந்த எட்டு என்ற கணக்கு மாறாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வேவ்மேக்கரை, அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரை, கொஞ்சம் திருப்பி, நீரோட்டம் பவளத்தின் தலையை உரசிப் போகிற மாதிரி வையுங்கள். நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பி வரும் ஓட்டம்தான் நல்லது. ஓட்டம் குறைவாக இருக்கும் தொட்டிகளில் ஏடு உரியாமல் ஒட்டியே கிடக்கும். அதன் அடியில் பாசி பிடித்துச் சதை அழுக ஆரம்பிக்கும். உரிந்து மிதக்கும் ஏட்டைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கையால் பிய்க்க வேண்டாம்.

தோல் பவளங்கள் டெர்பீன் என்ற வகை வேதிப்பொருள்களைத் தண்ணீரில் விடும். பக்கத்தில் இருப்பவரை அண்டவிடாமல் வைக்க அவற்றுக்கு அதுதான் ஆயுதம். பவளம் சங்கடப்படும்போது இது கூடுதலாக வரும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ஃபில்டரில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கார்பனை மாற்றினால் போதும்.

அயோடினை ஊற்ற வேண்டாம். எதை அளந்து பார்க்க உங்களிடம் கிட் இல்லையோ, அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறேன். வாராவாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே மென்பவளத்துக்குத் தேவையான அயோடின் புது உப்பில் வந்துவிடுகிறது.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? தண்டின் அடியில் சதை கூழாகிப் பழுப்பாக வழிந்தாலோ, மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தாலோ, ஒரு கரும்புள்ளி நாளுக்கு நாள் பெரிதானாலோ அது தோலுரிப்பு இல்லை, அழுகல். அப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. புது பிளேடால், நல்ல சதை தெரியும்வரை அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டுவது எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

வாசகர், மார்த்தாண்டம்: சார், தேங்காப்பட்டணம் எங்களுக்குப் பக்கம்தான். கடல் தண்ணீரையே கேனில் பிடித்து வந்து ஊற்றலாமா? பாக்கெட் உப்பு விலை கட்டுப்படியாகவில்லை.

ஊற்றலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் பிடிக்காதீர்கள். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேருவது அங்கேதான். அதுபோல கடியப்பட்டணத்தில் வள்ளியாறு, மணக்குடியில் பழையாறு. ஆற்று முகத்தில் மேலே மிதக்கிற தண்ணீர் பாதி நன்னீராக இருக்கும். வயல் உரமும் சாக்கடையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் அதோடு சேர்ந்து வரும். மென்பவளம் கொஞ்சம் அழுக்கைத் தாங்கும், உப்பளவு திடீரென்று இறங்குவதைத் தாங்காது.

துறைமுகங்களும் கூடாது. குளச்சலோ முட்டமோ சின்னமுட்டமோ, படகு நிற்கும் இடத்தில் டீசல் படலம் இல்லாமல் இருக்காது. தண்ணீரை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறம் ஓடும், அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடலுக்குப் போகும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், கரையை விட்டு நன்றாக உள்ளே போனபின் இரண்டு கேன் பிடித்து வரச் சொல்லுங்கள். அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கேன் உணவுப் பொருள் வைக்கும் தரத்தில் இருக்கட்டும். பினாயிலோ பூச்சிமருந்தோ இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் கடல் கலங்கிவிடும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையில் ஆறுகள் நிறைந்து ஓடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிடிக்கிற தண்ணீர்தான் எனக்குப் பிடித்தது. மழை பெய்து ஒரு வாரமாவது போக விடுங்கள்.

கொண்டுவந்த தண்ணீரை நெருக்கமான வடிதுணிப் பையில் வடிகட்டி, உடனே பயன்படுத்துவதானால் அன்றே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மூடி போட்ட டிரம்மில் இருட்டில், ஏர் பம்ப் ஓடும்படி இரண்டு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் செத்துச் சிதைந்து அடங்கும்வரை அமோனியா ஏறி இறங்கும். நடுவில் எடுத்து ஊற்றினால் அந்த அமோனியா தொட்டிக்குள் போய்விடும். ஊற்றுவதற்கு முன் அமோனியா கிட்டிலும், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரிலும் பாருங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது அடர்த்தி எண் 1.026 அருகில் வர வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பங்கு உப்புக்கென்றே விற்கும் அளவுக் கரைசலில் சரிபார்ப்பது நல்லது. வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் சுழியம் காட்டுகிற கருவி, 35இல் இரண்டு மூன்று பங்கு தவறிக் காட்டுவது சாதாரணம்.

இவ்வளவும் செய்ய நேரம் இருந்தால் கடல் தண்ணீர் லாபம். இல்லையென்றால் பாக்கெட் உப்பே மலிவு. கோட்டாறில் என் வீட்டுத் தொட்டிக்கு நான் பாக்கெட் உப்புதான் கலக்குகிறேன், மழைக்காலத்திலும் ஒரே மாதிரி வருகிறதே என்பதற்காக.

உப்புக் கலக்கும் நன்னீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுக்களை ஆர்.ஓ. இருக்கிறதே என்று பலரும் அதையே பிடிக்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ.க்களில் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலந்து விடும் அமைப்பு இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள், 60, 80 என்று காட்டும். தொட்டிக்கு அது சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்தக் கலப்புத் திருகை மூடச் சொல்லி, கடைசியில், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்று சேர்த்தால் போதும்.

வாசகர், நாகர்கோவில்: ஏப்ரல், மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகிறது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?

31 டிகிரியில் மீன் சமாளிக்கும், பவளம் சமாளிக்காது. பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை உண்டாக்கும் சர்க்கரையில்தான் பவளத்துக்குப் பெரும்பகுதி சாப்பாடு. சூடு நாள்கணக்கில் நீடித்தால் இந்தக் கூட்டு முறிந்து, பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததும் இதனால்தான். தொட்டியை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். 28 வரை போனாலும் மென்பவளம் பொறுத்துக்கொள்ளும், ஒரே நாளில் மூன்று நான்கு டிகிரி ஏறி இறங்காமல் இருந்தால் சரி.

சில்லர் இல்லாமல் செய்யக்கூடியது காற்றாடிதான். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். கம்ப்யூட்டரில் வருகிற சிறிய காற்றாடி இரண்டைத் தண்ணீரின் மேல்பரப்பை நோக்கிச் சாய்த்து ஓடவிடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வறண்ட நாளில் மூன்று டிகிரிவரை இறங்கும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் பலன் குறையும். தொட்டி இருக்கும் அறையின் சன்னலைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று வெளியே போகும். பலரும் இதை விட்டுவிட்டுக் காற்றாடியைக் குறை சொல்கிறார்கள்.

விளக்கின் நேரத்தையும் மாற்றுங்கள். வெயில் உச்சியில் எல்இடி எரிய வேண்டியதில்லை. மாலை 3 மணிக்குப் போட்டு இரவு 11 மணிக்கு அணைத்தால் பவளத்துக்கு எட்டு மணி நேர வெளிச்சம் கிடைத்துவிடும். ஐஸ் பாட்டில் போடுவதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றாடி போட்டால் ஆவியாதல் கூடும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் போகிறது என்று வையுங்கள். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 28 லிட்டர் குறைந்து, 35 பங்கு உப்பு 40ஐத் தாண்டிவிடும். அதைப் பார்த்துப் பதறி 28 லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினால் அடுத்த அடி விழும். தினமும் காலையில் கண்ணாடியில் போட்ட கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை வைத்த தானியங்கிக் கருவி வாங்க முடிந்தால், சில்லருக்கு முன்னால் அதை வாங்குங்கள். எனக்குத் தெரிந்து வெயிலில் போன பவளங்களைவிட, வெயில்காலத்தில் உப்பு ஏறிப் போன பவளங்கள்தான் அதிகம்.

கல்லூரி மாணவர், மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணல் கறுப்பும் சிவப்புமாக அழகாக இருக்கிறது. தொட்டிக்கு அடியில் போடலாமா சார்?

வேண்டாம் தம்பி. உங்கள் ஊர் மணல் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்த கனிம மணல். மோனசைட்டில் தோரியம் உண்டு, மத்திய அரசு நிறுவனமே அங்கே ஆலை வைத்துப் பிரித்தெடுக்கிறது. அப்படிப்பட்ட மணலை வீட்டுக்குள் அள்ளி வந்து வைப்பது எந்த வகையிலும் சரியில்லை. தொட்டிக்கும் ஆகாது. கறுப்பு மணிகளில் காந்தத்துக்கு இழுபடுபவை இருக்கின்றன. கண்ணாடி துடைக்கும் காந்த பிரஷ்ஷில் ஒரே ஒரு மணி ஒட்டிக்கொண்டால் போதும், முகப்புக் கண்ணாடியில் நெடுகக் கீறல் விழும். சுண்ணாம்பு வகை மணல், அரகோனைட் என்று கேட்டால் கடையில் தருவார்கள், அதைப் போடுங்கள். மணலே இல்லாமல் வெறும் கண்ணாடி அடியாக விட்டாலும் மென்பவளத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வாசகர், குளச்சல்: என் மாமா விசைப்படகில் போகிறார். வலையில் சிவப்பு, மஞ்சள் நிறத்தில் பூ மாதிரி பவளங்களும் கடல்விசிறியும் ஏறுகின்றன. உயிரோடு கொண்டுவந்தால் தொட்டியில் வளருமா?

வளராது, கொண்டுவரவும் கூடாது. இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன், மாமாவிடம் காட்டுங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் எல்லாமும், கறுப்புப் பவளமும், ஆர்கன் பைப் பவளமும், தீப் பவளமும், எல்லா வகைக் கடல்விசிறியும் 2001 முதல் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் அதே பாதுகாப்பு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. காய்ந்த கடல்விசிறியைச் சுவரில் மாட்டி வைப்பதும் குற்றம்தான். அறியாமல் வலையில் ஏறியதை அப்போதே கடலில் விட்டுவிடுவதுதான் படகில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதன்மேலும் கை வைக்கக் கூடாது.

இனி அந்தப் பூப்பவளம். ஆழத்தில் இருந்து வரும் அடர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மென்பவளங்களில் பலவற்றுக்குச் சதைக்குள் பாசி கிடையாது. விளக்கு வைத்துப் பயன் இல்லை. ஓடுகிற கடல் நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை இரவும் பகலும் பிடித்துத் தின்று வாழ்கின்றன. அவ்வளவு தீனியை வீட்டுத் தொட்டியில் போட்டால் தண்ணீர் கெடும், போடாவிட்டால் பவளம் பட்டினியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிச் சாகும். அழகான ஓர் உயிரை அப்படிச் சாகவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மென்பவளம் வாங்கும்போது, தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். தோல் பவளம், விரல் பவளம், காளான் பவளம் எல்லாம் துண்டாகவே நன்றாக வளரும். கடலில் எடுத்த 'உயிர்க்கல்' என்று சொல்லி விற்பதையும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் பவளத்தின் எலும்புதான். களிமண்ணிலும் சிமென்டிலும் செய்த கல்லே போதும். அதில் நன்மை செய்யும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். மீனுக்கும் அப்படியே. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்கள் கொண்டுவந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வளர்த்த மீன் தொட்டிக்கு எளிதில் பழகும்.

வாசகி, குலசேகரம்: ஜோவாந்திட் என்ற பவள வகை விஷம் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உண்மை. ஜோவாந்திட்களிலும், குறிப்பாக அவற்றின் உறவான பாலிதோவாவிலும், பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை, பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. தொட்டிக்குள் அது பாட்டுக்கு இருக்கும்போது ஆபத்து இல்லை. வெளியே எடுத்துத் தேய்ப்பதும், வெட்டுவதும், கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பதும்தான் ஆபத்து. ஆவியில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். 2018இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்ததில், வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் தப்பவில்லை.

கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தொட வேண்டி வந்தால் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிப் பக்கமே போக வேண்டாம். வாயில் உலோகச் சுவை, மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி என்று வந்தால் மருத்துவரிடம் 'பாலிடாக்சின்' என்ற பெயரைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கை விட்டு விளையாடுகிற வயது என்றால், அவர்கள் வளரும்வரை ஜோவாந்திட் இல்லாமலே தொட்டி வைக்கலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

வாசகர், திங்கள்சந்தை: நைட்ரேட் சுழியம், பாஸ்பேட் சுழியம். தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. ஆனால் காளான் பவளங்கள் மாதாமாதம் சிறுத்து வருகின்றன. ஏன்?

அந்தச் சுழியம்தான் காரணம். மென்பவளங்கள் பலவும் சத்துள்ள தண்ணீரில் வாழப் பழகியவை. அவற்றின் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 15 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்ல நிறத்தில் வளரும். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைப் பகலில் மட்டும் ஓட்டுங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்துக் குருணையை வெளியே எடுத்துவிடுங்கள். மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகச் சாப்பாடு போடுங்கள். மாற்றம் தெரிய ஒரு மாதமாவது ஆகும்.

விளக்கையும் பாருங்கள். காளான் பவளத்துக்கு மங்கலான இடம் போதும். நேர் விளக்குக்கு அடியில் உயரமாக வைத்தாலும் அது சுருங்கும், சில சமயம் கல்லை விட்டுக் கழன்று தானே நிழலுக்குப் போய்விடும். அப்படிப் போன இடத்தில் நன்றாக விரிந்தால், திரும்பவும் எடுத்து மேலே வைக்காதீர்கள். அது தேர்ந்தெடுத்த இடம்.

வாசகி, ஆரல்வாய்மொழி: ஸீனியா என்ற மென்பவளம் துடிப்பதை நிறுத்திவிட்டது. நோயா?

நோய் என்று சொல்ல முடியாது. சதை நிமிர்ந்து, நிறம் மங்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். இஸ்ரேல் ஆய்வாளர்கள் செங்கடலில் ஸீனியா குடும்பத்துப் பவளம் ஒன்றை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கையைத் திறந்து மூடும் அந்த அசைவு, சதையைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை விரட்டி ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். வேவ்மேக்கர் பலமாக அடிக்கும் இடத்தில் துடிப்பு குறைந்தால் ஓட்டத்தைத் தணித்துப் பாருங்கள். காரத்தன்மையையும் ஒருமுறை அளந்துவிடுங்கள், 8 டி.கே.எச். அளவில் இருக்கட்டும். மீனுக்கு வெண்புள்ளி நோய் என்று செம்பு கலந்த மருந்து எதையும் அண்மையில் ஊற்றவில்லையே? செம்பு பவளத்துக்கு எமன். மீனைத் தனித் தொட்டியில் வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

வாசகர், முட்டம்: மின்சாரம் போனால் பவளம் எவ்வளவு நேரம் தாங்கும்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையில் குடும்பங்கள் காத்திருந்த நேரம் அது, தொட்டியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். மென்பவளங்கள் வெளிச்சம் இல்லாமல் நாலைந்து நாள் தாங்கிவிடும். தாங்காதது ஆக்சிஜன் குறைவு. அதிலும் மீன்தான் முதலில் மூச்சு வாங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அதுவும் தீர்ந்தால், ஒரு குவளையில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை சில நிமிடம். அன்று என் தொட்டிக்கும் நான் செய்தது இதுதான். தீனி போடாதீர்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் வேவ்மேக்கரை மட்டும் அதில் இணையுங்கள். 15 வாட் அளவுள்ள வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் ஓட்டினால், நல்ல நிலையிலுள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளைத் தாண்டியும் இழுக்கும். மின்சாரம் திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் மறக்கிறார்கள். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தேங்கி நின்ற தண்ணீர் அழுகிப்போயிருக்கும். அதைக் கொட்டிக் கழுவாமல் மோட்டாரைப் போட்டால் அத்தனையும் தொட்டிக்குள் வந்து விழும். மின்வெட்டைத் தாங்கிய பவளம் அதில் போய்விடும்.

வாசகி, வடசேரி: என் தோல் பவளம் தொட்டியையே அடைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டது. குழித்துறையில் இருக்கும் என் தங்கை ஒரு துண்டு கேட்கிறாள். எப்படி வெட்டுவது?

தாராளமாக வெட்டிக் கொடுங்கள். அவை கடலிலும் துண்டாகிப் பெருகுபவைதான். தோலுரிக்கும் சமயமாக இருந்தால் முடியும்வரை பொறுங்கள்.

முதலில் கையுறை. ஒரு அகலக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பவளத்தைக் கல்லோடு அதில் வையுங்கள். தொட்டதும் பூக்களை உள்ளே இழுத்துக்கொண்டு பாதியாகச் சுருங்கும். புது பிளேடால் தலையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே இழுப்பில் வெட்டுங்கள், அறுக்காதீர்கள். வெட்டும்போது நறநறவென்று கையில் தெரியும். சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எலும்புக்குப் பதில் அவைதான் அதைத் தாங்குகின்றன. வெட்டிய இடம் வெள்ளையாக இருக்க வேண்டும். கொழகொழவென்று சளி வரும், கடுமையான வாடையும் வரும். வேறொரு கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டையும் அலசுங்கள். அந்தத் தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாமல் கீழே கொட்டிவிடுங்கள். தாய்ப் பவளத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஃபில்டரில் புதுக் கார்பன் போடுங்கள்.

துண்டைக் கல்லில் பசை போட்டு ஒட்டப் பார்க்க வேண்டாம், சளியில் வழுக்கி ஒரே இரவில் கழன்றுவிடும். பல்குத்தும் குச்சி ஒன்றைச் சதையில் குத்தி எடுத்து, குச்சியின் இரண்டு நுனியையும் சின்னக் கல்லோடு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இறுக்கினால் சதை அறுந்துபோகும், அசையாமல் இருக்கிற அளவுக்குப் போதும். இன்னொரு வழியும் உண்டு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் வெட்டிய துண்டை வைத்து, மேலே கொசுவலை கட்டி ஓட்டம் குறைந்த மூலையில் வைத்துவிடலாம். இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு கல்லில் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்கு முன்னால் தங்கைக்குக் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும்போது இரட்டைப் பையில் பாதித் தண்ணீர், பாதிக் காற்று. குழித்துறைக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், சூடு தாக்காமல் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் போதும். அவர்கள் தொட்டியின் உப்பளவை அதற்கு முந்தின நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து இறக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் விளக்குக்கு நேரடியாக இல்லாமல் தொட்டியின் அடித்தட்டில் வைத்து, அப்புறம் மேலே ஏற்றலாம்.